சேலத்திலிருந்து சிங்கப்பூர்: தூரம் எவ்வளவு, பறக்கும் நேரம் எவ்வளவு, வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

சேலத்திலிருந்து சிங்கப்பூருக்கு நேர்க்கோட்டில் சுமார் 3,080 கிலோமீட்டர். போனில் தேடினால் இந்த எண்ணோ இதை ஒட்டிய எண்ணோதான் வரும். ஆனால் அந்தக் கோட்டில் எந்த விமானமும் பறப்பதில்லை. நீங்கள் முதலில் திருச்சிக்கோ, கோவைக்கோ, பெங்களூருக்கோ, சென்னைக்கோ தரைவழியாகப் போக வேண்டும். சிங்கப்பூரிலிருந்து மிகத் தொலைவில் இருக்கும் ஊரிலிருந்து பறந்தால் ஆகாயத்தில் அரை மணி நேரம்கூடக் கூடாது. தரையில் தவறான ஊரைத் தேர்ந்தெடுத்தாலோ ஐந்து மணி நேரம் போய்விடும்.

எங்கள் வீட்டில் தம்பி அங்கே வேலைக்குப் போனதிலிருந்து நான்கைந்து முறை இந்தப் பயணக் கணக்கைப் போட்டிருக்கிறேன். அம்மாவைக் கூட்டிப் போகும்போது ஒரு தடவை, சித்தி தனியாகப் போனபோது ஒரு தடவை. அதன்பிறகு தெருவில் யார் கிளம்பினாலும் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்து, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வதை அப்படியே இங்கே எழுதுகிறேன். சிங்கப்பூரை வைத்துச் சொல்கிறேன், ஆனால் கோலாலம்பூருக்கோ துபாய்க்கோ போகிறவர்களும் இதே முறையில் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலில் தூரம்

யாரையும் கேட்காமல் நீங்களே தூரத்தைக் கணக்கிடலாம். பள்ளியில் படித்த அட்சரேகை, தீர்க்கரேகை போதும். ஒரு டிகிரி என்பது ஏறக்குறைய 111 கிலோமீட்டர். திருச்சி வடக்கே 10.8 டிகிரி, கிழக்கே 78.7. சிங்கப்பூர் வடக்கே 1.4, கிழக்கே 104. கழித்தால் தெற்கே 9.4 டிகிரி, கிழக்கே 25.3 டிகிரி. 111 ஆல் பெருக்கினால் தெற்கே சுமார் 1,040 கி.மீ., கிழக்கே சுமார் 2,800 கி.மீ. இரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். பித்தாகரஸ் முறைப்படி மூன்றாவது பக்கம் 3,000 கி.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும். உண்மையான தூரமும் 2,980 பக்கம்தான்.

நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊர்களுக்கு மட்டும்தான் இந்தச் சுருக்கு வழி சரிவரும். வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கிவிடும், டோக்கியோவுக்கு இப்படிக் கணக்குப் போட்டால் விடை பிசகும். சென்னையிலிருந்து டோக்கியோ போகும் பாதை தட்டையான வரைபடத்தில் வடக்கே வளைந்து தெரிவதும் அதனால்தான். உருண்டையில் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பார்த்தால் அந்த வளைவுதான் குறுக்குவழி.

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 2,900 கி.மீ., கோவையிலிருந்து சுமார் 3,170, பெங்களூரிலிருந்து சுமார் 3,200. அதிகபட்ச வித்தியாசம் 300 கிலோமீட்டர். விமானத்துக்கு இது இருபது இருபத்தைந்து நிமிட வேலை, அவ்வளவுதான். ஆகவே எந்த ஊர் பக்கம் என்று வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

அப்புறம் பறக்கும் நேரம்

பயணிகள் விமானம் உயரே ஏறிய பிறகு மணிக்கு 800 முதல் 900 கி.மீ. வேகத்தில் போகும். 3,000 கிலோமீட்டரை 850 ஆல் வகுத்தால் மூன்றரை மணி நேரம் வருகிறது. ஆனால் டிக்கெட்டில் நாலேகால், நாலரை என்று போட்டிருக்கும். டிக்கெட் நேரம் பறக்கும் நேரம் மட்டும் இல்லை. வாசலில் விமானத்தின் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து நகரத் தொடங்குவதிலிருந்து, அங்கே போய் மறுபடி கட்டை போட்டு நிறுத்துவது வரைதான் டிக்கெட்டில் உள்ள நேரம். ஓடுபாதை வரை ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது, மெல்ல ஏறுவது, மெல்ல இறங்குவது, சிங்கப்பூர் போன்ற நெரிசலான இடத்தில் இறங்க முறைக்குக் காத்திருப்பது எல்லாம் அதில் அடக்கம். தாமதம் ஆகாமல் இருக்க விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியே போடுவதும் உண்டு. பல தடவை பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாக இறங்குவதன் காரணம் இதுதான்.

மனக்கணக்குக்கு நான் வைத்திருக்கும் வாய்ப்பாடு: கிலோமீட்டரை 800 ஆல் வகுத்து, அரை மணி கூட்டுங்கள். 3,000 கி.மீ.க்கு நாலேகால் மணி நேரம் வரும். திருச்சியிலிருந்து கொழும்பு சுமார் 420 கி.மீ., வாய்ப்பாட்டின்படி ஒரு மணி நேரம். இரண்டுமே டிக்கெட்டில் உள்ளதோடு ஏறக்குறைய ஒத்துப்போகும். நேரடி விமானம் என்று சொல்லி ஒருவர் ஏழு மணி நேரம் என்றால், அவர் சொல்வதில் ஏதோ கலந்திருக்கிறது என்று இதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

காற்றும் கொஞ்சம் விளையாடும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் நம் தீபகற்பத்துக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு வலுவான காற்றோட்டம் ஓடும். நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1950களில் ஆராய்ந்து எழுதிய கீழைக் காற்றோட்டம் அதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை சிங்கப்பூர் போகும்போது அது எதிர்க்காற்று, திரும்பும்போது பின்காற்று. சில நிமிட வித்தியாசம்தான், இதற்காகப் பயண மாதத்தை மாற்ற வேண்டியதில்லை.

டிக்கெட்டில் இருக்கும் இரண்டு கடிகாரங்கள்

புதிதாகப் போகிறவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். சேரும் நேரம் சேரும் ஊரின் கடிகாரப்படி இருக்கும். இந்திய நேரம் உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. சிங்கப்பூர் எட்டு மணி முன்னால். ஆக அவர்கள் நமக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே காலை ஆறு என்றால் அங்கே எட்டரை.

இப்போது ஒரு டிக்கெட்டை எடுத்துக்கொள்வோம். திருச்சியில் 01:10க்குப் புறப்பாடு, சிங்கப்பூரில் 08:10க்கு வருகை. பார்த்த மாத்திரத்தில் ஏழு மணி நேரம் என்று தோன்றும். அதில் இரண்டரையைக் கழியுங்கள். நாலரை மணி நேரம். அதுதான் உண்மை. திரும்பும்போது சிங்கப்பூரில் 21:30 புறப்பாடு, திருச்சியில் 23:10 வருகை என்று இருக்கும். ஒரு மணி நாற்பது நிமிடத்தில் எப்படி வர முடியும் என்று அம்மா கேட்டார். இரண்டரையைக் கூட்ட வேண்டும். நாலு மணி பத்து நிமிடம்.

இதை நன்றாகப் புரிந்துகொள்ள துபாயைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சென்னையிலிருந்து சிங்கப்பூரும் துபாயும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டும் 2,900 கி.மீ.யை ஒட்டி. ஒன்று கிழக்கே, மற்றது வடமேற்கே. விமானத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமும் இரண்டுக்கும் நாலு மணிக்கு மேல் கொஞ்சம். ஆனால் துபாய் நமக்கு ஒன்றரை மணி பிந்தி. அதனால் சென்னையில் விடிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் துபாயில் 6:45 என்று டிக்கெட்டில் இருக்கும். மேலோட்டமாகப் பார்க்கிறவருக்குத் துபாய் மூன்று மணி நேரத்துக்குள், சிங்கப்பூர் ஏழு மணி நேரம். இரண்டு ஊருக்கும் மகன்கள் போயிருக்கும் வீடுகளில் "அவன் பக்கத்துல இருக்கான், இவன்தான் ரொம்ப தூரம்" என்று பெரியவர்கள் வருத்தப்படுவதைக் கேட்டிருக்கிறேன். அவர்களிடம் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுக் காட்டுங்கள், மனசுக்கு நிம்மதியாக இருக்கும்.

மற்ற ஊர்களையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் சிங்கப்பூரைப் போலவே இரண்டரை மணி முந்தி. பாங்காக் ஒன்றரை மணி முந்தி. கொழும்புக்கும் நமக்கும் ஒரே நேரம்.

இன்னொரு சங்கதி. 1981 முடியும்வரை சிங்கப்பூர் நமக்கு இரண்டு மணி நேரம்தான் முந்தியிருந்தது. 1982 பிறந்தபோது கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவைத்தார்கள். சூரியனை வைத்துப் பார்த்தால் அந்த ஊருக்கு எட்டு மணி என்பது அதிகம். அதனால் அங்கே வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் சூரியன் உதிக்கும். காலை ஆறரைக்கு இறங்கி வெளியே பார்த்தால் கும்மிருட்டாக இருக்கும், கடிகாரம் தப்போ என்று பதற வேண்டாம்.

சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், இந்த இரண்டரை மணி நேரத்தை எப்படிச் சரிக்கட்டுவது என்று கிளம்புமுன் தங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டும் மருந்தும் கைப்பையில் இருக்கட்டும்.

நள்ளிரவுத் தேதி: இதை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்

நம் ஊர்களிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் பல நடுராத்திரிக்கு மேல்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டில் "15ஆம் தேதி, 01:10" என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி சாயங்காலம். 15ஆம் தேதி ராத்திரி கிளம்பினால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும்.

சித்திக்கு இதுதான் நடந்தது. டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் "பதினஞ்சாம் தேதி நைட்டு ஃபிளைட்" என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார். வீட்டிலும் எல்லோரும் பதினைந்து என்றே மனதில் வைத்துக்கொண்டோம். பதினான்காம் தேதி மத்தியானம், பெட்டி கட்ட உதவலாம் என்று போனபோதுதான் டிக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சித்தி முறுக்குக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு, மூன்று மணி நேரத்தில் பெட்டி கட்டி, ஆறு மணிக்குக் கார் ஏற்றினோம். விமானம் கிடைத்தது. ஆனால் சித்தி அந்தப் பதற்றத்தில் சிங்கப்பூர் போய்ச் சேரும்வரை ஒரு வாய் சாப்பிடவில்லை என்று தம்பி போனில் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

அதன்பிறகு நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். யார் டிக்கெட் வந்தாலும் முதலில் காலண்டரை எடுப்பேன். 00:00 முதல் 05:00 வரை எந்த நேரம் இருந்தாலும், முந்தின நாள் கட்டத்தில் "இன்று மாலை வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும்" என்று பேனாவால் எழுதிவிடுவேன். நீங்களும் வீட்டு நாட்காட்டியில், எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதுங்கள். போனில் மட்டும் குறித்து வைத்தால் போதாது, வீட்டில் நாலு பேர் பார்க்க வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு எந்த விமான நிலையம்?

ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் நமக்கே ஒரு விமான நிலையம் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஊரிலிருந்து இருபது கி.மீ.தான். 2018இல் சிறிய ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் சென்னைக்குச் சேவை தொடங்கி, பிறகு நின்று, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. ஆனால் அங்கிருந்து உள்நாட்டுப் பயணம் மட்டும்தான், அதுவும் இறக்கையில் விசிறி சுழலும் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள். அதில் சென்னை போய் அங்கிருந்து சிங்கப்பூர் போகலாம். ஆனால் இரண்டும் ஒரே டிக்கெட்டாக இருந்தால்தான் நல்லது. தனித்தனி டிக்கெட் என்றால் சென்னையில் பெட்டியை வாங்கி மறுபடி செக்-இன் செய்ய வேண்டும், முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது உங்களுக்காகக் காத்திருக்காது. போகும் நாளில் சேவை உண்டா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் சேலத்துக்காரர்களுக்குத் திருச்சிதான். சுமார் 140 கி.மீ. சீலநாயக்கன்பட்டி தாண்டி ஆண்டகளூர் கேட், நாமக்கல் வரை நல்ல நால்வழிச் சாலை. நாமக்கல்லுக்கு அப்புறம் தொட்டியம், முசிறி என்று காவிரியை ஒட்டிப் போகும் சாலையில்தான் வேகம் குறையும். கரும்பு வண்டியும் ஊர்களும் குறுக்கிடும். காரில் இரண்டே முக்கால் முதல் மூன்று மணி நேரம், பஸ்ஸில் மூன்றரை முதல் நாலு. திருச்சியின் புதிய முனையம் 2024இல் திறந்த பிறகு இடம் விசாலமாக இருக்கிறது. ஆட்கள் பெரும்பாலும் நம் ஊர்ப்பக்கத்தவர்கள், யாரிடமும் தமிழில் கேட்கலாம். முதல்முறை போகும் பெரியவர்களுக்கு இதுவே பெரிய தைரியம். பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு வெளியூர் பஸ்கள் நிற்கும் இடம் மாறியிருக்கிறது. விமான நிலையத்துக்கு எங்கே இறங்கினால் வசதி என்று நடத்துனரிடம் டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கோவையும் மோசமில்லை. சுமார் 160 கி.மீ., முழுக்க நால்வழி. விமான நிலையம் பீளமேட்டில், அவிநாசி சாலையில், ஊருக்குள் நுழைவதற்கு முன்பே வந்துவிடும். சேலம் பஸ்ஸில் வந்தால் சித்ரா நிறுத்தத்தில் இறங்கினால் பக்கம். காந்திபுரம் வரை போய்த் திரும்ப வேண்டியதில்லை. கோவையிலிருந்து விமானங்கள் குறைவு என்பதுதான் ஒரே குறை. உங்கள் தேதிக்கு நேரடி விமானம் கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். சங்ககிரி, எடப்பாடி பக்கம் இருப்பவர்களுக்குத் திருச்சியைவிட இதுவே சுலபம்.

பெங்களூரில் விமானங்கள் அதிகம், சில சமயம் விலையும் குறைவு. வரைபடத்தில் 200 கி.மீ. என்று பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அது ஊருக்கு. விமான நிலையம் ஊரைத் தாண்டி வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, இன்னும் முப்பத்தைந்து நாற்பது கி.மீ. வழியில் தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் போதும், மணிக்கணக்கில் நிற்க வேண்டும். அப்புறம் ஓசூர், அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று ஒவ்வொரு இடத்திலும் நெரிசல். நல்ல நேரத்தில் நாலரை மணி, கெட்ட நேரத்தில் ஆறேழு. பெங்களூர் விமானம் ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காக வயதானவர்களை இந்த வழியில் அனுப்பாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சென்னை சுமார் 340 கி.மீ. ஆனால் ரயில் வசதி இருப்பதால் சிலருக்கு இதுவே பிடிக்கும். சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் நேராக விமான நிலையம் போய்விடலாம். பஸ்ஸில் போனால் கிளாம்பாக்கத்தில் இறக்கிவிடுவார்கள், அங்கிருந்து மீனம்பாக்கம் இன்னும் 15 கி.மீ. பக்கம்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதை வீட்டிலிருந்து முன்னோக்கி எண்ணக் கூடாது. விமானத்திலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். முழுக்க இந்திய நேரத்திலேயே எண்ணுங்கள், சிங்கப்பூர் கடிகாரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

அதே 01:10 விமானத்தை எடுப்போம். வெளிநாட்டு விமானங்களுக்கு செக்-இன் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். ஆக 00:10க்குப் பிறகு வந்தால் பெட்டியை வாங்க மாட்டார்கள். மூன்று மணி நேரம் முன்பு வரச் சொல்வதால் 14ஆம் தேதி இரவு பத்து மணிக்கு வாசலில் நிற்பது என்று வைத்துக்கொள்வோம். சேலத்திலிருந்து காரில் மூன்று மணி நேரம், அதோடு பஞ்சர், டோல்கேட், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம். ஆறு மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். நாமக்கல்லில் ஏழே முக்காலுக்கு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் சரியாக இருக்கும்.

ஏற்காட்டுக்காரர்கள் இதில் இன்னொரு படி சேர்க்க வேண்டும். ஏற்காட்டிலிருந்து சேலம் சுமார் 30 கி.மீ.தான், ஆனால் இருபது கொண்டை ஊசி வளைவுகள். சாதாரண நாளில் ஒரு மணி நேரம். பனிமூட்டத்தில் எதிர் வண்டியின் விளக்கு தெரியாது, வார விடுமுறை என்றால் சுற்றுலா வண்டிகள் வரிசையாக ஏறும். வெளிச்சம் இருக்கும்போதே அடிவாரம் வந்துவிடுங்கள். நாலு மணிக்குக் கிளம்புவது என்று வைத்தால் ஒரு மணி நேரம் கையிருப்பு இருக்கும். மழைக்காலம் என்றால் அதுவும் போதாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையை மூட வேண்டி வந்தது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பயணம் என்றால், முந்தின நாளே இறங்கிவந்து சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிடுங்கள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, ஆனால் பெட்டி படுக்கையோடு விமானம் பிடிக்கப் போகும் நாளில் அதை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

இப்போது மொத்தம் பார்ப்போம். 01:10க்குக் கிளம்பினால் இந்திய நேரம் 5:40க்குச் சிங்கப்பூர். இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிய ஒரு மணி நேரம். ரயிலில் லிட்டில் இந்தியா போய்ச் சேர இன்னொரு மணி. ஆக இந்திய நேரம் காலை 7:45, அங்கே 10:15. ஏற்காட்டில் நாலு மணிக்குக் கிளம்பியவருக்குப் பதினைந்தே முக்கால் மணி நேரம், சேலத்தில் கிளம்பியவருக்குப் பதின்மூன்றே முக்கால். அதில் விமானத்துக்குள் இருந்தது நாலரை மணி நேரம் மட்டும். "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று வீட்டில் கேட்டால் இந்தப் பதினான்கைச் சொல்லுங்கள். நாலரை என்று சொல்லிவிட்டால் அஞ்சாவது மணி நேரத்திலிருந்து அவர்கள் கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

இணைப்பு விமானங்களைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்பு வழி, கோலாலம்பூர் வழி என்று விலை குறைவாகக் காட்டும். அதில் மொத்தப் பயண நேரம் என்று ஒரு எண் இருக்கும், அதை மட்டும் பாருங்கள். இடையில் ஒன்பது மணி நேரம் காத்திருப்பு இருந்தால், முதல்முறை போகிறவருக்கு அது வேண்டாம்.

பெட்டியில் என்ன வைக்கக் கூடாது

இதை முழுதாக எழுதினால் தனிக் கட்டுரை ஆகும், நம் வீடுகளில் தவறுகிற சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கசகசா கொண்டு போகாதீர்கள். நமக்குக் குருமாவுக்கு அரைக்கும் சாமான், சிங்கப்பூரில் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் தடை செய்யப்பட்ட பொருள். துபாய் பக்கமும் அப்படித்தான். மசாலாப் பொடி வீட்டில் அரைத்துக் கொண்டுபோனால் கசகசா சேர்க்காமல் அரையுங்கள். பாக்குப் புகையிலை, மெல்லும் புகையிலை, சூயிங் கம், மின் சிகரெட் எதுவும் கூடாது. கொப்பரைத் தேங்காய் எளிதில் தீப்பிடிக்கும் என்று நம் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். பவர் பேங்க் பெரிய பெட்டியில் போடக் கூடாது, கைப்பையில்தான். ஊறுகாய், நெய் போன்றவை பெரிய பெட்டியில், கசியாமல் கட்டி. ஜவ்வரிசி வடகமும் ஏற்காட்டுக் காப்பித்தூளும் கொண்டுபோங்கள், அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை.

பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்ல வேண்டும். விசா வாங்கியிருக்க வேண்டும். இவை தவிர, சிங்கப்பூர் வருகை அட்டை என்று ஒன்றை இறங்கும் நாளுக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இறங்கிய பிறகும், திரும்பும்போதும்

விமானம் நின்றதும் முதலில் கைக்கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். போன் தானாகவே மாறிவிடும். அம்மாவுக்கு நான் செய்தது: வலது கையில் இந்திய நேரம் காட்டும் பழைய கடிகாரம் ஒன்று கட்டிவிட்டேன். ஊருக்குப் போன் பேசலாமா என்று அதைப் பார்த்து முடிவு செய்வார். சாங்கி விமான நிலையத்தில் தமிழிலும் அறிவிப்புப் பலகைகள் உண்டு, அதைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். ரயிலில் போவதென்றால் எக்ஸ்போ நிலையத்தில் மாறி டவுன்டவுன் வழித்தடத்தில் ஏறினால் நேராக லிட்டில் இந்தியா. நள்ளிரவுக்குப் பிறகு ரயில் ஓடாது, அந்த நேரத்தில் இறங்குகிறவர்கள் டாக்ஸிக்குப் பணம் எடுத்து வைத்திருக்க வேண்டும்.

திரும்பும்போது வாசலில் அழைக்க வருகிறவர்களுக்கு இந்திய நேரத்தைச் சொல்லுங்கள். 21:30 என்று சிங்கப்பூர் நேரத்தைச் சொல்லி வைத்து, இங்கே அதையே விமானம் வரும் நேரம் என்று எடுத்துக்கொண்டு சீக்கிரமே வந்து காத்துக்கிடந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். திருச்சியில் 23:10 என்றால் பெட்டி எடுத்து வெளியே வர நள்ளிரவு தாண்டிவிடும், டிரைவரைப் பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்னால் போதும். அவர் சாயங்காலம் தூங்கி எழுந்து வருகிறாரா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டியத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையில் அந்த நேரத்துச் சாலை இருட்டாக இருக்கும். அவர் கண் அசந்தால், அங்கேயே ஒரு டீக்கடையில் வண்டியை நிறுத்தி அரை மணி படுக்கச் சொல்லிவிட்டு, விடியற்காலை நாலரைக்கு வீடு சேருங்கள்.